கோப்பைக்கு எழாத தசை

போன மாதம் காதுவலிக்காக நான் வேலை பார்த்த பழைய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். காதைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவன், கால் கேட்கவில்லை. அதுபாட்டுக்கு என்னை மின்சார வைத்திய அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அங்கே புது மெஷின் வந்திருக்கிறது. மெல்லிய ஊசியைத் தசைக்குள் செருகினால், தசைக்குள் நடப்பது ஒலிபெருக்கியில் கேட்குமாம். காதுவலிக்காரன் என்றும் பாராமல், கை வாடிய ஒரு நோயாளியின் தசைச் சத்தத்தை எனக்கும் போட்டுக் காட்டினார்கள். தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி டொக், டொக் என்று ஒரு சத்தம்.

"நரம்பு அறுந்த தசை இப்படித்தான் தனியா பொலம்பும் அங்கிள்," என்றாள் அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண். "இதெல்லாம் இல்லாத காலத்துல, நரம்பு திரும்பி வந்திருச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அதைச் சொல்ல ஆரம்பிச்சா ஒனக்குக் கடைசி பஸ்ஸு போயிரும்லா," என்றேன். அதனால் எழுதி வைக்கிறேன். அவள் பஸ்ஸில் உட்கார்ந்து படித்துக்கொள்ளட்டும்.

நான் இந்த வேலைக்குப் படித்தவன் இல்லை. முப்பதுகளின் தொடக்கத்தில், பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு, ஆஸ்பத்திரி மின்சார அறையில் பேட்டரி ஜாடிகளுக்கு நவச்சாரத் தண்ணீர் ஊற்றுகிற ஆளாகச் சேர்ந்தேன். அப்போதே எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஜாடிக்கு ஊற்றினேன், கம்பி துடைத்தேன், நோயாளியின் கையைப் பிடித்தேன், பிறகு நானே சோதித்தேன். என் படிப்பு இவ்வளவுதான். ஊருக்குள் என் பெயர் பேட்டரி முனியாண்டி. கடிதம்கூட அந்தப் பெயருக்குத்தான் வரும்.

அறைக்குத் தலைவர் கந்தையா ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, கையில் கறுப்புக் குடை. வெயிலோ மழையோ, அந்தக் குடையைத் தரையில் வைத்து யாரும் பார்த்ததில்லை. ஆணியில் மாட்டுவார், இல்லாவிட்டால் கக்கத்தில் வைத்திருப்பார். நோயாளியிடம் அதிகம் பேசமாட்டார். தசையிடம் பேசுவார். "எழும்பும் காணும்! விடிஞ்சு எவ்வளவு நேரம்!" என்று ஒருவருடைய முன்கையைப் பார்த்து அதட்டுவார். புதிதாக வந்தவர்கள் தங்களைத்தான் சொல்கிறார் என்று எழுந்து நின்றுவிடுவார்கள்.

எங்களிடம் இரண்டு விதக் கரண்ட் இருந்தது. ஒன்று சுருளிலிருந்து வருவது. வண்டு மாதிரி இரையும். மற்றது ஜாடிகளிலிருந்து நேரே வருவது, சத்தமே இராது. முன்னதற்கு வண்டு என்றும் பின்னதற்கு ஊமை என்றும் நான் பெயர் வைத்தேன். ஐயா முதலில் முறைத்தார். ஒரு வாரம் கழித்து, "முனியாண்டி, அந்த ஊமையை இஞ்சால கொண்டாரும்," என்றார்.

சோதிக்கும் முறையை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. துணிப் பட்டையை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைக்க வேண்டும். நோயாளியின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நம் ஆட்கள்தான் கை வாடிவிட்டது என்றதும் மூன்று வேளையும் தைலம் தேய்த்துவிட்டு வருவார்களே! எண்ணெய் பூசிய தோலில் கரண்ட் ஏறாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். கழுவியதும், ஐயா முதலில் தன் கையில் கரண்ட் வைத்துப் பார்ப்பார். பிறகு என் கையில். அதற்குப் பிறகுதான் நோயாளி கை. "எங்களைக் கடிக்காத நாய் அவையையும் கடிக்காது," என்பார்.

நல்ல தசை, வண்டு இரைந்தால் இறுகிக்கொண்டு நிற்கும். ஊமைக்கு, விசையைத் தட்டியதும் சுண்டிவிட்ட மாதிரி ஒரு துள்ளல். நரம்பு அறுந்து கொஞ்ச நாள் போனால் கதை மாறும். வண்டு என்னதான் இரைந்தாலும் தசை காதில் வாங்காது. ஊமைக்கு மட்டும் அசையும், அதுவும் மழைக்குப் பிறகு மண்புழு நெளிகிற மாதிரி மெதுவாக. அப்படி நெளிந்தால் நரம்பு அறுந்தது நிச்சயம்.

திங்கட்கிழமை வந்தால் எங்களுக்குக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடைப் பலகையில் கையைத் தொங்கப் போட்டுத் தூங்கியவர்கள், விடிந்ததும் மணிக்கட்டு தொங்கிப்போய் அலறிக்கொண்டு வருவார்கள். கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஓர் அண்ணன், "எம் பொண்டாட்டி செய்வினை வச்சிட்டா!" என்று அழுதார். ஐயா வண்டை வைத்தார். தசை சட்டென்று இறுகியது. "செய்வினை இல்லை காணும், பலகை. நரம்பு அறுந்து போகேல்லை, நித்திரை கொள்ளுது. நீர் இனிப் படுக்கையில படும்," என்று அனுப்பிவிட்டார். சில வாரத்தில் கை சரியாகிவிட்டது. அண்ணன் நன்றிக்கு ஒரு கலயம் கள் கொண்டுவந்து வைத்தார்.

தசைக்கு உள்ளே என்ன ஆகிறது என்பதையும் ஒருமுறை பார்த்தேன். பக்கத்துப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே இரண்டு துணுக்கு வைத்திருந்தார்கள். நல்ல தசையின் இழைகள் பாசார் கடையில் விற்கிற தடித்த மஞ்சள் மீ சேமியா மாதிரி கொழுகொழுவென்று அடுக்கிக் கிடந்தன. நரம்பில்லாத தசையோ மீஹூன், அந்த மெல்லிய அரிசிச் சேமியா, ஆகிவிட்டிருந்தது. நூல் நூலாக, நடுவில் கொழுப்பு. ஆனால் அந்த மெலிந்த இழைகளிலும், நல்ல இழையில் இருந்த அதே குறுக்கு வரிகள் வரிசை தப்பாமல் இருந்தன.

"வரி இருக்கும்வரை வீடு இருக்கெண்டு அர்த்தம்," என்றார் ஐயா. "குடியிருக்கிற ஆள்தான் இல்லை. ஆள் வரும்வரைக்கும் கூரை விழாமல் பாக்கிறதுதான் எங்கட வேலை." தினமும் கையைச் சூடாக வைப்பது, பிடித்துவிடுவது, ஊமைக் கரண்டால் நெளிய வைப்பது எல்லாம் அதற்குத்தான்.

இனி அஞ்சலை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அஞ்சலை அக்கா பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்குப் பக்கத்தில் ஆப்பம் சுட்டு விற்றவள். ஆப்பச்சட்டியின் இரண்டு காதையும் பிடித்து அவள் ஒரு சுழற்றுச் சுழற்றினால், ஓரம் பட்டுத் துணி மாதிரி மெல்லிசாக ஏறி நிற்கும். ஒருநாள் ரிக்‌ஷா கவிழ்ந்து வலது மேற்கை எலும்பு முறிந்தது. எலும்புக்குப் பின்னால் வளைந்து போகிற நரம்பும் அறுந்துவிட்டது. எங்கள் பெரிய துரை, வெள்ளைக்கார அறுவை வைத்தியர், திறந்து பார்த்து நரம்பைத் தைத்தார். எலும்பு கூடிவிட்டது. மணிக்கட்டு மட்டும் வாடிய பூ மாதிரி தொங்கியது. அதைத் தாங்கித் தோல் பட்டை கட்டி எங்களிடம் அனுப்பினார்கள்.

ஆப்பத்தை இப்போது அவள் நாத்தனார் ஊற்றினாள். "ஒரு பக்கம் தோசை, மறு பக்கம் வடை. அதுக்குப் பேரு ஆப்பமாம்!" என்று அக்கா புலம்புவாள். "வாங்குறவன் எம் மூஞ்சிக்காக வாங்கிக்கிட்டுப் போறான் தம்பி. மூஞ்சி எத்தன நாளைக்கு வெலை போகும்?"

தைத்த நரம்பு மேலிருந்து கீழே மெல்ல மெல்ல வளர்ந்து வரும். மாதத்துக்கு ஓர் அங்குலம் வந்தால் பெரிய விஷயம். முதலில் போய்ச் சேர்வது முழங்கைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் பக்கமாக இறங்குகிற முன்கைத் தசைக்கு. அடுத்து மணிக்கட்டைத் தூக்கும் தசைக்கு. அப்புறம் விரல்கள். கட்டைவிரல் கடைசி. அதனால் நாங்கள் எல்லோரும் அந்த முதல் தசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் நான், "ஐயா, ஓடியாங்க! மணிக்கட்டு எழுந்திருச்சு!" என்று கத்திவிட்டேன். அக்கா விரல்களை இறுக மூடினாள், சட்டென்று விட்டாள், மணிக்கட்டு துள்ளியது. ஐயா வந்து பார்த்தார். அவளுடைய விரல்களைப் பிடித்துக்கொண்டு, "இப்ப தூக்கும் பிள்ளை," என்றார். அசையவில்லை. "இது ஊஞ்சல். முன்பக்கத் தசை இழுத்து விட்டால் பின்பக்கம் ஆடும். இன்னும் இல்லை," என்றார். "இல்லை" என்ற சொல் அவர் வாயில் தனியாக வராது. "இன்னும்" முன்னால் வந்து நின்றுகொள்ளும்.

முதல் தசைக்கு இங்கிலீஷ் புத்தகத்தில் சுலபமான சோதனை ஒன்று இருந்தது. கட்டைவிரல் மேலே இருக்கும்படி ஒரு கோப்பையைப் பிடித்து, கனத்தோடு வாய்க்குத் தூக்க வேண்டும். தசை உயிரோடு இருந்தால் முன்கை விளிம்பில் கயிறு மாதிரி புடைக்கும். எங்கள் அறையில் அதற்கென்றே ஒரு வெள்ளைப் பீங்கான் பூச்சுக் கோப்பை இருந்தது. ஐயா முதலில் தூக்கிக் காட்டுவார். அக்கா தூக்குவாள், நெஞ்சு வரைக்கும் வருவாள். அங்கே கையை மல்லாத்தி, முகத்தைத் திருப்பி, பாதித் தண்ணீரை மடியில் கொட்டிவிடுவாள். ஐயா விரல் வைத்திருந்த இடத்தில் ஒன்றும் புடைக்காது. வாரா வாரம் இதே கதை. ஊமைக்கு நெளிகிற நெளிவும் வர வர ஓய்ந்துகொண்டே வந்தது.

நரம்பு வந்து சேர வேண்டிய காலம் தாண்டிவிட்டது. பெரிய துரை ஒரு முடிவுக்கு வந்தார். முன்கையில் நன்றாக இருக்கும் தசைகளின் நாண்களை வெட்டிப் பின்பக்கம் கொண்டுபோய்த் தைப்பது. கை எழும், பொருள் பிடிக்கும். ஆனால் பழைய சுழற்சி வராது. வெட்டிவிட்டால் பழையபடி மாற்றவும் முடியாது. திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்.

அதைக் கேட்ட அன்று அக்கா எங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். சோதனை அப்போதுதான் முடிந்திருந்தது, மடி ஈரம்.

"முன்னாடி இருக்கிறத வெட்டிப் பின்னாடி தைப்பாங்களாம்! இது என்னா, ரவிக்கையா? தெனம் தெனம் கரண்ட்டு வச்சியே தம்பி, எங்க போச்சு ஒங் கரண்ட்டு? கை கும்புடுமாம், ஆப்பம் சுடாதாம். கும்புட்டுக்கிட்டே ஒக்காந்திருந்தா ஆப்பம் வெந்திருமா?"

இடது கைச் சுட்டுவிரல் என் மூக்குக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. கோபத்தில் தொண்டை வறண்டுவிட்டது. பக்கத்துப் பையிலிருந்த தன் பித்தளைச் செம்பை, திட்டுகிற சுதியிலேயே, பட்டை கட்டிய வலது கையால் எடுத்தாள். உதடு படாமல் அண்ணாந்தாள். செம்பு தலைக்கு மேலே போனது. தண்ணீர் கம்பியாக வாயில் இறங்கியது.

நான் ஒன்றும் கவனிக்கவில்லை. திட்டு நின்றதே என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்த கந்தையா ஐயாதான் கத்தினார்.

"நில்லும்! உப்பிடியே பிடியும்! கையை இறக்காதையும் பிள்ளை!"

அந்தக் கத்தலில் தண்ணீர் வாயை விட்டு மூக்குக்குள் போனது. அக்கா இருமி, தும்மி, கண் கலங்கினாள். "என்னா ஐயா! மனுஷி தண்ணி குடிக்கிறதும் குத்தமா?"

"கதைக்காதையும். ஊத்தும். இன்னும் ஊத்தும்!"

ஐயா குடையைத் தரையில் வைத்தார். வைத்துவிட்டு, இரண்டு விரலால் அவள் முன்கை விளிம்பைத் தொட்டார். என்னையும் இழுத்துத் தொடச் சொன்னார். மெலிந்த கையில், தோலுக்குக் கீழே, ஈர்க்குச்சி கனத்தில் ஒரு கயிறு இறுகி நின்றது. செம்பை இறக்கினால் தளர்ந்தது. தூக்கினால் மறுபடி இறுகியது.

"அப்ப ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் கோப்பையைத் தூக்கேல்லை?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னா கோவிச்சுக்குவீங்க. அந்தக் கோப்பையில எத்தன பேரு வாய் வச்சாங்களோ. ஒங்க கையால குடுக்குறீங்க, வேணாம்னு எப்படிச் சொல்றது? அதான் நெஞ்சு வரைக்கும் கொண்டாந்து, அப்படியே கவுத்துருவேன்."

ஐயா தன் நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார். அவரும் வீட்டில் அண்ணாந்து குடிக்கிற சைவர். இத்தனை வருஷமும் அந்தக் கோப்பையை உதட்டுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தித்தான் எல்லாருக்கும் பாடம் காட்டியிருக்கிறார். புத்தகம் எழுதியவன் வாய் வைத்துக் குடிப்பவன். அதைச் செய்து காட்டியவரும், பார்த்துச் செய்தவளும் வாய் வைக்காதவர்கள். கனத்தோடு மேலே தூக்கினால்தான் புடைக்கும் அளவுக்குத் தேறிய ஒரு தசை நடுவில் பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது!

உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போய் வண்டை வைத்தோம். வண்டு இரைந்தது. தசை அசையவே இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயா, மெஷின் இல்லேங்குதே!"

"மெஷின் வெளியில நிண்டு கதவைத் தட்டுது. பிள்ளை உள்ளுக்கிருந்து திறக்கிறா. இளம் நரம்பு வீட்டுக்காரர் சொல்லுக்குத்தான் முதல் எழும்பும், தெருவில போறவையின்ர தட்டுக்குப் பிறகுதான்," என்றார் ஐயா. "இது நான் கண்டுபிடிச்சதில்லை காணும். பெரிய சண்டையில கை போன சிப்பாய்மாரிட்டப் பார்த்ததெண்டு துரைதான் எனக்குச் சொல்லித் தந்தவர். ஊமைக்கு நெளிவு ஓய்ஞ்சு வந்ததுகூட நரம்பு திரும்பினதாலதான் போல. தசை செத்துப்போகுதெண்டு நான் பயந்து போனன்."

மறுநாள் துரை வந்தார். ஆறடி உயரம், கழுத்தில் கோடு போட்ட டை, வாயில் ரப்பர்த் தோட்டங்களில் பேசுகிற கொச்சை மலாய். மெஷினைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ஐயா இங்கிலீஷில் ஏதோ மெதுவாகச் சொன்னார். துரை அக்காவுக்கு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"மினும்," என்றார். குடி என்று அர்த்தம்.

அக்கா அண்ணாந்தாள். துரையின் விரல் தசைமேல். அவர் கண் மட்டும் மேலே, அந்தரத்திலிருந்து வாய்க்குள் விழுகிற தண்ணீரில் இருந்தது.

"லாகி," என்றார். இன்னொரு தரம். நான் செம்பை நிரப்பினேன். "லாகி." மறுபடி நிரப்பினேன்.

"தம்பி," என்றாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்தத் தொரைகிட்டச் சொல்லு. தசை வந்திருச்சு. இன்னும் ஒரு செம்பு குடிச்சா வேற ஒண்ணும் வந்துரும்."

ஐயா அதை மொழிபெயர்க்கவில்லை. துரைக்கு அது வேண்டியும் இருக்கவில்லை. அவர் செம்பை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். மூக்கு, கழுத்து, டை எல்லாம் நனைந்து, நீர்யானை மாதிரி புஸ்ஸென்று ஊதிக்கொண்டு எழுந்தார். அறையே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரை துடைத்துக்கொண்டே ஐயாவிடம் பேசினார். ஐயா திரும்பிச் சொன்னார்: "திங்கட்கிழமை வெட்டு இல்லை. ஆனால் கோப்பை தூக்கிற தசை வேறை, மணிக்கட்டுத் தசை வேறை. தைப்பூசம் வரைக்கும் பாப்பம் எண்டு சொல்லுறார். அதுக்குள்ள மணிக்கட்டு எழும்பேல்லையெண்டால், பிறகு பாத்துக்கொண்டிருக்க ஏலாதாம்."

அதற்குப் பிறகு எங்கள் அறையில் மூச்சு விடவும் பயம். முன்கை விளிம்பு மெல்ல உருண்டு வந்தது. மீஹூன் மீ ஆகிக்கொண்டிருந்தது. ஒருநாள் அந்தத் தசை வண்டுக்கும் சிலிர்த்தது. திரும்பி வருகிற நரம்பு, தன் பழைய இழைகளை மட்டுமல்ல, ஆளில்லாத பக்கத்து இழைகளையும் சேர்த்துக்கொள்ளும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மணிக்கட்டு தொங்குகிறது என்பதுதான். வாரா வாரம், "இன்னும் இல்லை." கார்த்திகை போய், மார்கழியும் போனது. ஐயா தசையை அதட்டுவதை விட்டுவிட்டுக் கெஞ்சத் தொடங்கினார். அக்கா பேச்சைக் குறைத்துவிட்டாள். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

தைப்பூசத்தன்று எங்கள் பக்கத்துக் கோயிலில் அன்னதானம். நான் பாயச வாளியோடு பந்தியில் நின்றேன். அக்கா வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ரசம் பட்டு ஊறிவிடும் என்று தோல் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துச் சாப்பிட்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மறுவாரம் துரையிடம் போக வேண்டும்.

நான் ஒரு கரண்டி பாயசம் ஊற்றினேன். அந்த நேரம் பார்த்து மழைக்காற்று அடித்தது. இலை நுனி தூக்கிக்கொண்டது. அக்கா இடது கையை எடுத்து இலையை அமுக்கினாள். நான் அடுத்த கரண்டியை நீட்டினேன்.

"போதும் தம்பி," என்றாள்.

நம் ஆட்கள் போதும் என்பதை வாயால் மட்டுமா சொல்வார்கள்? அவள் வலது கை இலைக்கு மேலே வந்து, மணிக்கட்டு நிமிர்ந்து, உள்ளங்கையை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றது. பிறந்த கன்றுக்குட்டி எழுந்து நிற்கிற மாதிரி ஒரு நடுக்கம். ஆனாலும் நின்றது. தாங்கலுக்கு ஒன்றும் இல்லை. விரல் மூடி விடுகிற ஊஞ்சலும் இல்லை.

என் கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒருவர், "என்னா பேட்டரி, சார்ஜு எறங்கிருச்சா? இங்கிட்டு வாங்க லா!" என்று கத்தினார். நான் நகரவில்லை. கை கீழே இறங்கியதும், வேண்டுமென்றே இன்னொரு கரண்டியை அவள் இலையில் ஊற்றினேன்.

கை மறுபடி எழுந்தது. "ஏன்டா தம்பி, ஒனக்குக் காது அடைச்சிருச்சா? போதும் போதும்னு கையக் காட்டுறேன்ல?"

"எந்தக் கைய அக்கா?"

அக்கா பார்த்தாள். கை இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அதை இறக்கினால் போய்விடுமோ என்பது போல, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். பாயசம் இலையோரம் வழிந்து தரையில் ஓடியது. பக்கத்து இலைக்காரர் காலை மடக்கிக்கொண்டார்.

"ஊத்துடா," என்றாள் அஞ்சலை அக்கா. "நீ பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இரு. நான் போதும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்."